தண்டுக்கும் தோளுக்கும் நடுவே

என் வீட்டுக்காரர் தோளுக்கும் பெருமாளைத் தாங்கிய தண்டுக்கும் நடுவே வெயில் தெரிந்ததை அந்தத் தெருவில் நான் ஒருத்திதான் பார்த்தேன்.

எங்கள் தெருக் கோயில் சின்னது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்கள் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறிவிடுவார்கள். இந்தச் சந்துக்குள் ஒரு பெருமாள் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் கருடன் மேல் ஏறி வீதிக்கு வருவார். அன்றைக்கு அவரைப் பார்க்க வேண்டும்.

நான் ராஜபாளையத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கல்யாணமாகி வந்த முதல் புரட்டாசியில், எல்லாக் கோயிலிலும் நடப்பதுதானே என்று ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். மேற்கே தெரு முக்குத் திரும்பிக் கருடன் வந்தது. எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறது, மனசுதான் நம்ப மறுக்கிறது. பதினாறு காலும் ஒன்றுபோல் எழும்பி ஒன்றுபோல் பதிகின்றன. கருடனின் இறக்கை மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. பெருமாள் அவர்பாட்டுக்குக் காற்றில் வருகிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தட்டில் கற்பூரம் அணைந்ததுகூடத் தெரியவில்லை.

தூக்குகிற எட்டுப் பேரும் தெருப் பங்காளிகள். இரண்டு பக்கமும் நீளத் தண்டு. ஒவ்வொரு தண்டிலும் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். புதிதாக ஒருவர் தண்டுக்குள் வரும்போது ஆள் உயரம் பார்க்க மாட்டார்கள், தோள் உயரம்தான் பார்ப்பார்கள். வரிசையாக நிறுத்தி, தோள்களின் மேல் நீள மூங்கிலைக் கிடத்தி, எல்லாத் தோளையும் தொடுகிறதா என்று குனிந்து பார்த்து இடம் கொடுப்பார்கள். ஒரு தடவை பார்த்தால் பார்த்ததுதான். வளர்ந்து முடிந்த ஆம்பிளையின் தோள் எங்கே போய்விடப்போகிறது என்ற எண்ணம்.

என் வீட்டுக்காரர் தாமோதருக்கு ஜோடி அவருடைய பெரியப்பா மகன் சம்பத்குமார், எனக்கு அத்தான் முறை. இடது தண்டில் முன்னால் அத்தான், அவருக்குப் பின்னால் இவர். காலேஜ் முடித்த வருஷம் மூங்கில் வைத்துப் பார்த்தபோது இரண்டு தோளும் ரசமட்டம் வைத்த மாதிரி இருந்தனவாம். அதை இவர் சொல்லாத விருந்தாளி கிடையாது.

அப்போது லேப்டாப் வரவில்லை. கொரோனா வந்த வருஷம் பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டரும் கையுமாக வீட்டுக்கு வந்தவர்தான், ஆபீஸுக்குத் திரும்பிப் போகவே இல்லை. யாரோ எழுதுகிற புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. காலையில் இட்லி சாப்பிட்டு உட்கார்ந்தால் அமெரிக்காக்காரன் விடிந்து எழுந்து பல் தேய்க்கிறவரை எழுந்திருக்க மாட்டார். முதலில் தலை திரைப் பக்கம் போகும். கொஞ்ச நேரத்தில் தோள் அதன் பின்னாலேயே போகும். மத்தியானம் தட்டைக் கீபோர்டு பக்கத்தில் வைப்பேன். ஊற்றியது சாம்பாரா வத்தக்குழம்பா என்று கேட்டால் முழிப்பார்.

போன புரட்டாசியில் வழக்கம்போல் வாசலில் நின்றேன். கருடன் மேற்கிலிருந்து வந்தது. பின்னால் சாய்ந்த வெயில். அத்தான் தோளில் தண்டு அழுத்தி உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த என் வீட்டுக்காரர் கையால் தண்டைப் பிடித்திருந்தார், வேர்த்திருந்தார், 'கோவிந்தா' என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கூப்பிட்டார். ஆனால் அவருடைய தோள் துண்டுக்கும் தண்டுக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் பளீரென்று தெரிந்தது. மனுஷர் பெருமாளுக்குக் கீழே சும்மா நடந்து வந்துகொண்டிருந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"ஏங்க, தண்டு உங்க தோள்ல படவே இல்ல."

"கோட்டி புடிச்சிருக்காட்டி ஒனக்கு? நான் தூக்காம வேற யாரு தூக்குனா?"

"வலிச்சுதா?"

"அதான் இல்லங்கேன். முன்னாடில்லாம் ரெண்டு நாளைக்குத் தோளைத் தொட முடியாது. இப்ப நாலஞ்சு வருஷமா ஒரு வலி கெடையாது. பெருமாள் தன்னால தன்னைத் தூக்கிக்கிடுதாரு."

பெருமாளின் அனுக்கிரகம் என்று நாலஞ்சு வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். கண்ணாடி முன்னால் நின்று தோளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் படுக்கப் போனார்.

நம்பவில்லை என்று வாய்தான் சொன்னது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிப் புறப்பாட்டுக்குக் கிளம்பும்போது, எல்லாரும் ஒரு துண்டை மடித்துத் தோளில் போடுவார்கள், இவர் மூன்று துண்டை அடுக்கிப் போட்டுக்கொண்டு போனார். தண்டு எட்டவில்லை என்றால் தோளை உயர்த்திவிடலாம் என்று பார்த்திருக்கிறார். புரோகிராமில் ஓட்டையை அடைக்கிற புத்தி. கோயில் முக்குத் திரும்பும்போது துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் சரிந்தன. தண்டு ஒரு குதி குதித்தது. குடை பிடித்தவர் 'ஐயோ' என்று அலறினார். முன்னால் நின்ற சம்பத்குமார் அத்தான் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அப்படி ஒரு சத்தத்தை நான் பிரசவ வார்டில்தான் கேட்டிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தப் பாரத்தையும் தாங்கி நிமிர்த்திவிட்டார். பெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுத் துண்டு, வழுக்கிவிட்டது என்று எல்லாரும் துண்டைத் திட்டினார்கள்.

மறுநாள் அத்தானைப் பார்க்கப் போனேன். கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். அன்றைக்குக் கடை திறக்காமல் குப்புறப் படுத்திருந்தார். அவர் சம்சாரம் பெருந்தேவி அக்கா உப்பை வறுத்துத் துணியில் கட்டித் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"நேத்தைக்கு மட்டும் இல்ல நாராயணி. இப்ப ஒவ்வொரு வருஷமும் எறங்கி வந்தா ரெண்டு நாள் காச்சல். பொழுதன்னைக்கும், எனக்கு வயசாயிட்டுன்னு அதே பேச்சு. வர்ற புரட்டாசியோட எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு வெலகிருதேன்னு முடிவு பண்ணிட்டாவ. சொல்லும்போது அழுதுட்டாவ, கேட்டியா? எங்க மாமா செத்தப்பகூட அவிய அழுது நான் பாக்கல."

"எத்தனை வருஷமாக்கா இப்படி?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும்."

கணக்குக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. இவருக்கு எத்தனை வருஷமாக வலி இல்லையோ, அத்தனை வருஷமாக அவருக்குக் காய்ச்சல். அத்தானுக்கு வயசாகவில்லை. நாற்பத்தைந்து வயசு மனுஷர் இரண்டு ஆள் பாரத்தை ஒற்றை ஆளாகச் சுமந்து, அது தெரியாமலே தன்னைக் கிழவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தேன். இவர் மீட்டிங்கில் இருந்தார். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் யாரோ ஒரு பெண் இவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவர் லேப்டாப்பை மூடினார்.

"அப்ப அண்ணனுக்கு வயசாகலியா?"

"உங்களுக்குத்தான் ஆயிருக்கு."

சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசல் கேட் வரை போனார். அங்கே நின்றார். செத்த நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"போயி என்னன்னு சொல்ல? ஒங்க தோள்ல அஞ்சு வருஷம் சவாரி பண்ணிட்டேன்னா? சொல்லிட்டா அண்ணனுக்குத் தோள்வலி போயிருமா? அடுத்த புரட்டாசிக்கு என் பங்க நான் தூக்கணும். பொறவு சொல்லுதேன்."

"முடியலன்னா வெலகிருங்க. வேற ஆள் நிக்கட்டும்."

"அண்ணன் தோளுக்கு வேற ஜோடி கெடையாதுட்டி. நான் வெலகுனா இடது தண்டே அமையாது. அவியளும் சேந்து வெளிய வரணும்."

இவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராஜபாளையத்தில் பிசியோதெரபி பார்க்கிற ஜெபா எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு இளையவள். நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இவரைச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னாள். குதிகால் தொட்டது. இடுப்பு தொட்டது. முதுகு பாதி தொட்டது. தலை சுவரை விட்டு நாலு விரல் முன்னால் நின்றது. நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்று சத்தியம் செய்தார் மனுஷர். எதிரில் கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்ததும் சத்தியத்தை நிறுத்திக்கொண்டார்.

"கொறஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டார். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

"எலும்பு அப்படியேதான் இருக்குண்ணே. நீங்க நாள்பூரா குனிஞ்சே இருந்தீங்கல்லா? சரி, இவருக்கு இதுதான் வேணும்போலன்னு முன்னால இருக்க தசைய ஒடம்பு சுருக்கிக் குடுத்திருச்சு, பின்னால இருக்கத தளத்திக் குடுத்திருச்சு. நெஞ்சு உள்ள போயி, தோள் முன்னால உருண்டு எறங்கிருச்சு. இப்ப நீங்க வேற மாதிரி கேளுங்க. அது வேற மாதிரி குடுக்கும்."

"குடுக்குமா?"

"கேக்கதப் பொறுத்து. சேர்ல உக்காரதுல தப்பில்ல, எந்திரிக்காம இருக்கதுதான் தப்பு. ஒரு நாள் கேட்டுட்டு ஒம்பது நாள் சும்மா இருந்தா ஒண்ணும் குடுக்காது."

நான் திரும்பி வரும் பஸ்ஸில் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாம் சொல்லாமலே நமக்கு என்ன வேண்டும் என்று ராப்பகலாகக் கவனித்து, கேட்ட மாதிரியே தன்னை மாற்றித் தருகிற ஒன்றுக்குள்தான் நாம் குடியிருக்கிறோம். அதற்குள் இருந்துகொண்டு அதை ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்து சீட்டுக்காரம்மா, காய்ச்சலா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. லேப்டாப் மேஜை மேலே ஒரு டிரங்குப் பெட்டி, அதன் மேலே அரிசி டின், அதன் மேலே லேப்டாப். பாதி நாள் நின்றுகொண்டு வேலை, பாதி நாள் உட்கார்ந்து. உட்கார்ந்தாலும் ஒரு செம்புக்கு மேல் தண்ணீர் வைத்துக்கொள்ள மாட்டார். தீர்ந்தால் எழுந்து அடுப்படிக்கு வந்துதான் ஆக வேண்டும். வரும்போதெல்லாம் நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பார், நான் சோற்றுப் பானையோடு உள்ளே நிற்பேன். துண்டைச் சுருட்டி முதுகுக்கு அடியில் வைத்துத் தரையில் மல்லாந்து கிடப்பார். மூன்று துண்டுக்கும் நல்ல வேலை கிடைத்தது என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை, சிரித்தார்.

பார்க்கத் தேவையில்லாமல் கேட்டால் மட்டும் போதும் என்கிற மீட்டிங்கையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு திருமுக்குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நடுநடுவே நின்று, "இல்ல இல்ல, அதை உடனே கில் பண்ணிருங்க" என்று கையை ஆட்டிப் பேசுவாராம். தாமோதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பங்குனியில் எல்லாம் கெட்டது. கம்பெனியில் ஏதோ அவசரம், ராப்பகலாக வேலை. அரிசி டின் பழையபடி அடுப்படிக்கு வந்துவிட்டது. தட்டு கீபோர்டு பக்கத்துக்குப் போய்விட்டது. அவசரம் முடிந்த அன்றைக்குச் சுவரோடு நின்று பார்த்தார். மாசிக் கடைசியில் சுவரைத் தொடப் போன தலை மறுபடியும் முன்னால் வந்து நின்றது.

"அவ்வளவுதான்ட்டி. இது தேறாது. அண்ணன்ட்ட போயி சொல்லிட்டு ரெண்டு பேருமா வெலகிருதோம்."

எனக்கு வந்ததே கோபம்.

"தளத்திக் குடுன்னு நீங்க கேட்டப்ப அது ஒரு நாளாவது முடியாதுன்னு சொல்லிச்சா? அஞ்சு வருஷம் பேசாமக் கேட்டுதுல்லா? இப்ப நீங்க அஞ்சு மாசம் கேக்க மாட்டீங்களோ?"

அரிசி டின்னை நானே தூக்கிக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டி மேல் நங்கென்று வைத்தேன். உள்ளே அரிசி இருந்தது. என் இடுப்பு பிடித்துக்கொண்டது வேறு கதை.

ஆனிவாக்கில் ஒரு காலையில் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. இவர் இடது தோளில் நிறைந்த தண்ணீர் கேனைத் தாங்கிக்கொண்டு மாடியில் நடந்துகொண்டிருந்தார். காதில் மீட்டிங். கோயில் நடை. அந்த ஏறி இறங்குகிற, தரைக்கு வலிக்காத நடை. எதிர்முனையில் யாரோ கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டு, முன்னால் அண்ணன் நடப்பதாக நினைத்து அந்த இடைவெளியை விட்டுத் தனியாக நடந்தார். சிரிக்கத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு வரவில்லை. ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நான் கட்டிக்கொண்ட ஆளின் முதுகு இவ்வளவு நீளம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. பெருந்தேவி அக்கா காலையிலேயே அழுது கண் வீங்கியிருந்தார். அத்தான் புது வேட்டி கட்டி, ஒரு வீடு விடாமல் தெருவைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்குப் போனார். விலகப் போகிறார் என்பது மற்றவர்களுக்கு இன்னும் தெரியாது. புறப்பாடு முடிந்து, நடை சாத்துவதற்கு முன்னால் சொல்வதாக இருந்தார். இவர் ஒற்றைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் வாசலில் காத்திருக்கவில்லை. கோயிலுக்கே ஓடினேன். எட்டுப் பேரும் தண்டுக்குள் குனிந்தார்கள். 'கோவிந்தா' என்ற சத்தத்தோடு கருடன் எழும்பியது. என் கண் இடது தண்டை விட்டு அசையவில்லை. தண்டு இறங்கி அத்தான் தோளில் உட்கார்ந்தது. பிறகு இவர் தோளில் உட்கார்ந்தது. துண்டு நசுங்கியது. இவர் கழுத்து நரம்பு புடைத்தது, முட்டி ஒரு தடவை நடுங்கி நின்றது. அந்த வலியைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தப் பெண்டாட்டியும் வெளியில் சொல்ல மாட்டாள்.

அத்தான் முதல் அடி எடுத்து வைத்தார். அடுத்த அடி வைக்கவில்லை. தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"ஏலே, பின்னால யாரு?"

"நாந்தாண்ணே. தாமு."

அத்தான் அடுத்த அடியை வைத்தார். நடந்தார். பதினாறு காலும் ஒன்றுபோல் எழும்பின. எத்தனையோ தடவை பார்த்த புறப்பாடுதான். ஆனால் பெருமாள் காற்றில் வருகிறார் என்று முன்பெல்லாம் நினைத்தேனே, அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. எலும்பின் மேல், தசையின் மேல், அதற்குள் ஓடுகிற மூச்சின் மேல் ஏறி வந்தார். அதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். கருடனுக்கா, அந்த எட்டு ஜோடித் தோளுக்கா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

தெரு சுற்றிக் கருடன் கோயிலுக்குள் இறங்கியது. எல்லாரும் அங்கங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். பெருந்தேவி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தான் உட்காரவில்லை. தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். நேராக இவரிடம் வந்து, இவர் தோளிலிருந்த துண்டை விலக்கினார். தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை வருஷம்லே?"

இவர் ஐந்து விரலை விரித்துக் காட்டினார்.

அத்தான் கையை ஓங்கினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். ஓங்கிய கை இறங்கி இவர் பிடரியைப் பிடித்துத் தன் நெஞ்சோடு இழுத்துக்கொண்டது.

"பாவிப்பயலே, நான் கெழவனாயிட்டேன்னுல்லாலே நெனச்சிட்டேன்!"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கோயில் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. நடை சாத்துவதற்குள் சொல்ல வேண்டியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.